மொண்டவேரா ராணுவத்தின் ஒரகடம் போர்

பச்சையப்பனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியில் சேர்ந்தும் ஆறு வருஷம். கல்யாணம் நிலைத்துவிட்டது, வேலைதான் நிலைக்கவில்லை. அவன் டெம்பரரி. அவன் மனைவி இந்திராணி அதே கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர், பர்மனென்ட். வடக்குப்பட்டில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டிலும் இந்த வித்தியாசம் அவ்வப்போது தலைகாட்டும். ஃபேன் காற்று யார் பக்கம் வீசுவது என்று பேச்சு வந்தால், "பி.எஃப். புடிக்கிறவங்க பக்கம் வரட்டும், நீ அப்டி ஓரமா படு" என்பாள் இந்திராணி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் ஓரமாகப் படுப்பான். ஆனால் தூக்கம் வர நேரமாகும்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இன்று கார் கம்பெனிகள் மதிலோடு மதிலாக நிற்கும் இடத்தில், தொண்ணூற்றொன்றில் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரே ஒரு தகரக் கூரை இருந்தது. அதுதான் சுபவஸ்திரா எக்ஸ்போர்ட்ஸ். முதலாளி நரசிம்மன் நல்ல மனிதர். யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டார். வேலையில் நிரந்தரமாகச் சேர்க்கவும் மாட்டார். டெம்பரரி ஆட்கள் சட்டப்படி உரிமை கேட்கும் அளவுக்கு நாள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வாப்பா, உடம்பப் பாத்துக்க" என்று அன்போடு அனுப்பிவிடுவார். வாரம் கழித்து வந்தால் புது ஆள். பச்சையப்பன் இப்படி ஆறு வருஷத்தில் பலமுறை புதிதாகப் பிறந்திருந்தான்.

அவன் வேலை இஸ்திரி போடுவது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதும் அவன்தான். உடைக்கிறவன் மேல்தான் திருஷ்டி இறங்கும் என்று பர்மனென்ட் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். டெம்பரரிக்குத் திருஷ்டியும் டெம்பரரியாகத்தானே இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு டெலக்ஸ் தந்தி வந்தது. நரசிம்மன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கிங் மேஜைமேல் ஏறி நின்றார்.

"ஃபாரின் மிலிட்டரி ஆர்டர்ப்பா. யூரோப்ல மொண்டவேரான்னு ஒரு நாடு. அவங்க ராணுவத்துக்கு டிரஸ் நாமதான் தைக்கப் போறோம். இது மட்டும் பாஸ் ஆச்சுன்னா, பச்சையப்பா, நீ பர்மனென்ட்."

அவர் பச்சையப்பனைப் பெயர் சொல்லிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கம்பளித் துணியில் தைத்த உடுப்பு. கத்திபோல மடிப்பு நிற்க வேண்டும் என்று டெலக்ஸிலேயே போட்டிருந்தது. அப்படி மடிப்பு வைக்க அவனை விட்டால் ஆளில்லை. அன்றிரவு வீட்டில் ஃபேன் நடுவில் வைக்கப்பட்டது.

மொண்டவேரா எங்கே இருக்கிறது என்று ஆபீஸ் டைப்பிஸ்ட் ஷாரோன் உலகப் படத்தில் தேடினாள். படப்பைச் சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து நல்ல இங்கிலீஷ் பேசும் பெண் அவள். டெம்பரரிதான் அவளும். நாடு உடனே கிடைக்கவில்லை. பக்கத்து நாட்டின் பெயரை அச்சடித்தபோது அதில் ஓர் எழுத்து மொண்டவேராவின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று கடைசியில் தெரிந்தது. எழுத்துக்கு அடியில் இருந்த அந்த நாட்டுக்கு ஒரு ராணுவம் இருந்தது. அதில் தொண்ணூறு பேர். எண்பத்தொன்பது பேர் அதிகாரிகள்.

உடுப்புகளின் அளவுத்தாள் வந்தபோது இந்திராணிக்குத் தலை சுற்றியது. ஜெனரல் கோட்டுக்குப் பதினான்கு பைகள். சிப்பாய் கோட்டுக்கும் பைகள் உண்டு, ஆனால் வாயைச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும், சிப்பாய் பைக்குள் கைவிட்டு நிற்கக் கூடாதல்லவா. அதிகாரிகள் கோட்டில் மார்புப் பக்கம் மெடல் மாட்ட வரிசை வரிசையாக நூல் வளையம் வேண்டும். மெடல் பாரம் தாங்க உள்ளே இரட்டை கேன்வாஸ் வேண்டும். குனிந்தால் பிரிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, சல்யூட் அடித்தால் பிரிகிறதா என்று பார்த்தால் போதும் என்று அடியில் ஒரு குறிப்பு இருந்தது.

"சண்ட போட்ற டிரெஸ்ஸா இது? கொலு பொம்மைக்குப் போட்ற டிரெஸ்ஸு மாரி கீது" என்றாள் இந்திராணி.

"அத்தெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு மே? பாஸ் ஆனா போதும்" என்றான் பச்சையப்பன்.

ராணுவம் சரக்கைப் பரிசோதிக்க நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் குறித்த நாள் ஆயுத பூஜை. நரசிம்மன் தேதியை மாற்றச் சொல்லி டெலக்ஸ் அடித்தார். என்ன விசேஷம் என்று அவர்கள் கேட்டார்கள். ஷாரோன் உள்ளதை உள்ளபடி, ஆயுதங்களை வணங்கும் நாள் என்று இங்கிலீஷில் அடித்தாள். உடனே பதில் வந்தது. இப்படி ஒரு பண்பட்ட தேசம் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்றும், அன்றைக்கே கட்டாயம் வருவதாகவும்.

வந்தார்கள். ஜெனரல் ஓஸ்வால்டும் கர்னல் பிம்மரும் வாடகை அம்பாசிடரில் வந்து இறங்கினார்கள். ஜெனரல் குள்ளமாக, உருண்டையாக, மார்பில் மெடல் வைக்க இடம் போதாமல் வயிற்றிலும் இரண்டு குத்திக்கொண்டு இருந்தார். நடந்தால் பாத்திரக் கடை வண்டி பள்ளத்தில் இறங்கும் சத்தம் வந்தது. கர்னல் ஒட்டடைக்குச்சி போன்ற ஆள். கால் மணி நேரம் கழித்து தாம்பரம் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியபடி, ஒரு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு யோஹான் வந்து சேர்ந்தார். அந்த நாட்டின் ஒரே சிப்பாய் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். காரில் அதிகாரிகளுக்கு மட்டுமே அனுமதியாம்.

ஜெனரல் பேக்கிங் மேஜைமேல் ஏறினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் இங்கிலீஷில் பேசப் பேச ஷாரோன் தமிழில் சொன்னாள்.

"எங்கள் ராணுவம் நானூறு வருஷப் பழமை உடையது. அதில் கடைசி நூற்றெழுபது வருஷமாக நாங்கள் போருக்குத் தயாராக இருக்கிறோம். அவ்வளவு நீண்ட காலம் தயாராகவே இருந்த ராணுவம் உலகில் வேறெதுவும் இல்லை" என்றார் ஜெனரல். "எங்கள் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. எங்களுக்குக் கிழக்கே உள்ள நாடு பகைவனாக இருக்க மறுக்கிறது. எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்தோம். மேற்கே உள்ளவர்கள் எல்லையைக் கடந்து வருகிறார்கள், ஆனால் பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இதைக் காரணம் காட்டி எங்கள் பாராளுமன்றத்தில் சிலர் ராணுவத்தைத் தீயணைப்புப் படையோடு சேர்த்துவிட வேண்டும் என்கிறார்கள். தீயணைப்புப் படை. அவர்கள் தினமும் வேலை செய்கிறவர்கள். அவர்களோடு எங்களைச் சேர்ப்பதா?"

இதைச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் கட்டியது. கர்னல் கைக்குட்டை எடுக்க உத்தரவிட்டார். யோஹான் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு பரிசோதனை. முதலில் நின்ற நிலைப் பரிசோதனை. பச்சையப்பனுக்குக் கோட்டை மாட்டி வெயிலில் நிறுத்தினார்கள். அவன் கை சல்யூட்டில் இருக்க வேண்டும், கக்கத்துத் தையல் பிரியக் கூடாது. புரட்டாசி கடைசி வெயில் கம்பளிக்குள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் சுற்றியது. தையல் பிரியவில்லை, பச்சையப்பன் பிரிந்துவிடுவான்போல இருந்தான். அடுத்து மெடல் பரிசோதனை. வளையங்களில் மெடலுக்குப் பதிலாக எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கேன்வாஸ் தாங்கியது. அடுத்து ஓசைப் பரிசோதனை. குதிகாலைச் சேர்த்து அடிக்கும்போது கால்சட்டை சத்தம் போடுகிறதா என்று கர்னல் தரையில் காதை வைத்துக் கேட்டார்.

இந்திராணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் நின்று தன் புருஷன் வேர்த்து வடிவதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

எல்லாவற்றிலும் தேறிய உடுப்பு கடைசியில் ஜெனரலின் கண்ணில் சிக்கிக்கொண்டது. அவர் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெருமூச்சு விட்டார்.

"தையலில் குறையில்லை. மடிப்பு என் அப்பா காலத்து மடிப்புபோல இருக்கிறது. ஆனாலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றார். "இவ்வளவு நூல் வளையம் இருக்கிறது. என் மார்பில் இருப்பவை தாத்தாக்கள் வாங்கியவை, மாட்டப் புது மெடல் ஒன்றுகூட இல்லை. காலி வளையத்தோடு புது உடுப்பைப் போட்டுக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் போனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழைய உடுப்பிலாவது கிழிசல் போரில் வந்ததுபோல இருந்து மானத்தைக் காக்கிறது."

நரசிம்மன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சரக்கு நன்றாக இல்லை என்றால் திருத்தித் தரலாம், போர் இல்லை என்றால் எங்கே போய் வாங்கி வருவது? சாப்பிட்டுவிட்டு பூஜையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சி அவர்களை உட்காரவைத்தார். அப்படியே கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பச்சையப்பனைப் பார்த்து, "எல்லாம் போச்சுப்பா. உன் விஷயமும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

பச்சையப்பன் பின்பக்கம் போய் டீக்கேன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அங்கே ஏற்கெனவே யோஹான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஷாரோன் இரண்டு பேருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"முப்பது வருஷமா சிப்பாயாத்தான் கீறாராம்" என்றாள் அவரிடம் பேசிப் பார்த்துவிட்டு. "மத்தவங்களுக்கெல்லாம் பிரமோஷன் குட்த்துட்டாங்களாம். இவருக்கும் குட்த்துட்டா உத்தரவு போட ஆளு இல்லாம பூடும்னு நிறுத்தி வெச்சிருக்காங்களாம், அண்ணே."

பச்சையப்பன் தன் பீடிக்கட்டை நீட்டினான். யோஹான் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் புகைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாலையில் பூஜை. தையல் மெஷின்கள் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து நின்றன. கத்தரிக்கோல், ஊசி, டேப்பு, இஸ்திரிப் பெட்டி, ஷாரோனின் டைப்ரைட்டர், நரசிம்மனின் பேனா எல்லாம் சாமி படத்தின் முன்னால் வரிசையாக வைக்கப்பட்டு மாலை போடப்பட்டிருந்தன. ஜெனரலும் கர்னலும் நாற்காலியில் உட்கார்ந்து பொரிகடலை தின்றார்கள். தீபாராதனை முடிந்ததும் நரசிம்மன் பச்சையப்பனைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு விழுந்த திருஷ்டியெல்லாம் இவங்களாலதான். இவங்களுக்கும் சேத்து நல்லா சுத்திப் போடு."

பூஜை வேலையெல்லாம் டெம்பரரி ஆட்களுடையது. கன்னியப்பன் படப்பைச் சந்தையிலிருந்து தூக்கி வந்த பூசணிக்காய் பெரியது. கங்கா அதில் துளை போட்டிருந்தாள். லீலா கரைத்த குங்குமத்தை உள்ளே ஊற்றி, கொஞ்சம் சில்லறையும் போட்டிருந்தாள். உச்சியில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. பச்சையப்பன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். மனசில் இருந்த ஆத்திரமெல்லாம் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. வழியனுப்ப வாசலில் நிறுத்தியிருந்த ராணுவத்தை மூன்று முறை சுற்றினான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மொண்டவேரா ராணுவத்தின் பயிற்சிப் புத்தகம் நூற்றெழுபது வருஷம் முன்னால் அச்சடித்தது. அதில் வெடிகுண்டுக்கு ஒரு படம் உண்டு. உருண்டையாக இருக்கும், தலையில் தீ எரியும். அதிகாரிகள் எல்லோருக்கும் அந்தப் படம் மனப்பாடம். படத்தில் உள்ளதை நேரில் பார்க்கும் பாக்கியம்தான் அதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

பச்சையப்பன் சாலையில் நாலடி ஓடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தான். பூசணிக்காய் அன்றைக்கு வெடித்ததுபோல எந்த வருஷமும் வெடித்ததில்லை. சிவப்பு நாலு பக்கமும் தெறித்தது. நாலணாக் காசு ஒன்று பறந்துவந்து கர்னலின் கன்னத்தில் அடித்தது.

திரும்பிப் பார்த்தால் ராணுவத்தைக் காணோம். ஜெனரல் வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் குப்புறப் படுத்திருந்தார். கர்னல் அம்பாசிடருக்கு அடியில் இருந்தார், கால் மட்டும் தெரிந்தது. யோஹான் மட்டும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு பீடி பிடித்தார். படுக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை.

பச்சையப்பன் கையில் ஒட்டிய குங்குமத்தைப் பனியனில் துடைத்தான். வேலை போயிற்று, இனி டெம்பரரியும் இல்லை என்று நினைத்தான்.

கர்னல் காரடியிலிருந்து வெளியே வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு. குங்குமமா ரத்தமா என்று அவர் ஆராயவில்லை. "ஜெனரல், நான் காயம்பட்டிருக்கிறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை, தலைப்பிள்ளை பிறந்த சேதி சொல்ல வருகிறவர்களிடம்தான் கேட்க முடியும்.

ஜெனரல் வரப்பிலிருந்து எழுந்தார். கர்னலின் கன்னத்தைப் பார்த்தார். சாலையெல்லாம் சிதறிக் கிடந்த சிவப்பைப் பார்த்தார். கீழே கிடந்த நாலணாவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்தார். அவர் உதடு துடித்தது.

"நூற்றெழுபது வருஷம்" என்றார். "கர்னல், இது போர்."

நரசிம்மன் பதறிப்போய் ஓடிவந்தார். இது பூசணிக்காய், வெறும் காய்கறி, கூட்டு வைப்போம் என்றெல்லாம் இங்கிலீஷில் விளக்கினார். ஜெனரல் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பகைவன் தன் ஆயுதத்தைப் பற்றிப் பொய் சொல்வது போர் மரபுதான் என்றார். எல்லோரையும் உள்ளே கூட்டிவரச் சொல்லி, வெட்டும் மேஜையில் போர்க்கால ஆலோசனைக் கூட்டம் போட்டார். கர்னல் டிரங்குப் பெட்டியிலிருந்து போர்ச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். எதிரே பச்சையப்பன் நின்றான், பகைநாட்டுத் தளபதியாக, நனைந்த பனியனோடு.

"ஒரு முக்கியமான கேள்வி. இந்த ஆள் ரெகுலரா?" என்றார் ஜெனரல்.

இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நரசிம்மனுக்கு வருஷக்கணக்கான பழக்கம் முந்திக்கொண்டது. ஏதோ நஷ்டஈடு கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "நோ சார், நோ நோ. டெம்பரரி சார். ப்யூர்லி டெம்பரரி. இவனுக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார்.

ஜெனரலின் முகம் சுருங்கிப்போயிற்று. கர்னல் புத்தகத்தை மூடினார்.

"இன்னாவாம்?" என்று ஷாரோனைக் கேட்டான் பச்சையப்பன்.

"ரெகுலர் ஆளுங்களோட மோதினாத்தான் அது போராம். டெம்பரரி ஆளுங்களோட மோதினா வெறும் தெருச்சண்டையாம். மெடலு கெடயாதாம். அதான் நீ பர்மனென்ட்டானு கேக்குறாரு, அண்ணே."

பச்சையப்பன் ஜெனரலை நிமிர்ந்து பார்த்தான். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியை எந்த ஆபீசரும் அவனிடம் கேட்டதில்லை. கடல் தாண்டி ஒருத்தர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

ஷாரோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெனரலிடம் மரியாதையாக ஒரு வார்த்தை இங்கிலீஷில் சொன்னாள். முதலாளி பதற்றத்தில் தப்பாகச் சொல்லிவிட்டார், இந்தப் பகைவனை நிரந்தரமாக்கும் ஆணை தயாராகிக்கொண்டிருக்கிறது, உடுப்பை ஏற்றுக்கொண்டால் ஆணை உடனே வரும் என்றாள். பிறகு நரசிம்மன் பக்கம் திரும்பி, "சார், இவரு பர்மனென்ட்னா போரு. போருன்னா மெடலு. மெடலுன்னா கோட்டு பாஸ். யோசிச்சு சொல்லுங்க" என்றாள்.

நரசிம்மன் யோசித்தார். வேர்த்தது. "சரிம்மா. ஒரு ஆளுதானே. போட்ரலாம்."

ஜெனரலின் முகம் மலர்ந்தது. கர்னல் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். அடுத்த கேள்வி, பகைவன் தனியாக வந்தானா, படையோடு வந்தானா? தனி ஆள் என்றால் இது சிறு மோதல், கர்னலுக்கு மட்டும் ஒரு வெண்கல மெடல். படை என்றால் பெரும்போர், எல்லோருக்கும் தங்கம்.

ஷாரோன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நரசிம்மன் பச்சையப்பன் காதருகே குனிந்தார். "தனியான்னு சொல்லிடுப்பா. உன் ஆர்டர் கேரண்டி. நாளைக்கே. மத்தவங்கள இழுத்தியானா ஒண்ணும் கெடைக்காது, உனக்கும் சேத்து."

பச்சையப்பன் இந்திராணியைப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் டெம்பரரி ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். தனியா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் எப்படிச் சொல்வது? காய் எப்படி வந்ததென்று எல்லோருக்கும் தெரியுமே.

"நான் ஒடச்சேன், அவ்ளோதான்" என்றான். "சந்தையிலேர்ந்து தூக்கியாந்தது கன்னியப்பன். தொளை போட்டது கங்கா. குங்குமம் கரச்சு ஊத்துனது லீலா. மெஷினு, கத்திரி எல்லாம் தொடச்சு பொட்டு வெச்சது அதோ நிக்கிறாங்களே, அத்தன பேரும். எல்லாம் டெம்பரரிங்கதான் சார். பூச வேல எப்பவும் எங்க தலையிலதான்."

ஷாரோன் மொழிபெயர்த்தாள். கன்னியப்பன் தளவாடப் போக்குவரத்துப் படை ஆனான். கங்கா பொறியியல் படை. குங்குமம் கரைத்த லீலா ரசாயனப் படை என்றதும் கர்னல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தகவல் தொடர்புப் பிரிவு யார் என்று கேட்டார்கள். ஷாரோன் கொஞ்சமும் தயங்காமல் தன்னைக் காட்டிக்கொண்டாள்.

"பெரும்படை" என்றார் ஜெனரல் பரவசத்தோடு. "அத்தனை பேரும் ரெகுலர்தானே?"

நரசிம்மன் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயுத பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் காலை பூஜை செய்து எடுக்கும்வரை தொடக் கூடாது. டைப்ரைட்டரும் பூஜையில், பேனாவும் பூஜையில். இன்றைக்கு எதையும் எழுத முடியாது என்று பணிவோடு சொன்னார். இரவு போனால் இவர்கள் மனசு மாறிவிடும் என்பது அவர் கணக்கு.

ஜெனரல் எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போனார். கத்தரிக்கோல், ஊசி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் மாலையோடு படுத்திருந்தன.

"இவற்றை யாரும் தொடமாட்டார்களா?"

"தொடமாட்டோம் சார். பழக்கம்."

"கர்னல், குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஜெனரல். "தாக்குதல் தோற்றதும் பகைவர்கள் ஆயுதங்கள் அனைத்தையும் கீழே வைத்து, மாலையிட்டு, தொடவும் மறுத்துவிட்டார்கள். இவ்வளவு நாகரிகமான சரணாகதி சரித்திரத்தில் இல்லை. வெற்றி நமக்கே. காலைவரை முகாம் இங்கேதான்."

ராணுவம் துணிக்கட்டுகள்மேல் படுத்துத் தூங்கியது. யோஹான் சரணடைந்த ஆயுதங்களுக்குக் காவல் நின்றார். நரசிம்மன் மட்டும் தூங்கவில்லை. காலையில் விஜயதசமி. டைப்ரைட்டருக்குச் சூடம் காட்டி எடுத்து, அந்த வருஷத்தின் முதல் காகிதமாக ஷாரோன் பணி நியமன ஆணைகளை அடித்தாள். போருக்கு முந்தின நாள் தேதி போட்டு, டெம்பரரி ஒருவர் விடாமல் எல்லோருக்கும். ஜெனரல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு தாளிலும் நரசிம்மன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தன் கையெழுத்தை உடுப்புச் சீட்டில் போடுவதாகச் சொல்லிவிட்டார். விஜயதசமியன்று தொடங்கினால் மேலும் மேலும் வளருமே என்று நரசிம்மன் முனகிக்கொண்டே போட்டார்.

புறப்படும் முன் ஜெனரல் விடைபெறும் உரை ஆற்றினார். "தோற்றவர்களே, உங்களை ஒருபோதும் மறக்கமாட்டோம். இனி எங்கள் ராணுவத்தை யாரும் கலைக்க முடியாது. தேவைப்பட்டால் மறுபடி வருகிறோம். அதுவரை தயவுசெய்து வேறு யாரோடும் போர் செய்யாதீர்கள்" என்றார். போரில் பங்கெடுத்த அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு அறிவித்தார். யோஹானுக்கு மட்டும் இல்லை. எதிரி தாக்கும்போது படுக்க வேண்டும் என்ற விதியை மீறி நின்றுகொண்டிருந்தாராம். யோஹான் அதைக் கேட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கும் முன் ஷாரோனிடம் மெல்ல ஏதோ விசாரித்தார்.

"இன்னா கேட்டாரு?" என்றான் பச்சையப்பன்.

"இங்க டெம்பரரி வேல எதுனா காலியா கீதானு கேக்குறாரு, அண்ணே."

ஆணைத்தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பச்சையப்பன் வீட்டுக்கு நடந்தான். இந்திராணி கூடவே வந்தாள். தனியாக என்று சொல்லியிருந்தால் அவனோடு பேசியிருக்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ரோட்டில் நாலு பேர் பார்க்க அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் அப்படிச் செய்தது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை.

"யோவ், கடேசில ஜெயிச்சது யாரு?" என்று கேட்டாள் வழியில்.

"அவுங்கதான் மே. நாங்க தோத்துட்டோம். எழுதிகூட வெச்சிக்கினு பூட்டாங்க."

"தோத்ததுக்கே அத்தினி பேரும் பர்மனென்ட்டா? அப்போ ஜெயிச்சிருந்தா?"

பச்சையப்பன் ஆணைத்தாளை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

"ஜெயிச்சிருந்தா," என்றான், "மொதலாளி டெம்பரரி ஆயிருப்பாரு."